என் பெயருக்கு நின்றவள்

நான் பிறவி அகதி. எங்கிருந்தும் ஓடி வரவில்லை. கம்பம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தேன். ஓடி வந்தவள் அம்மாதான், அதுவும் பிரசவ வலியோடு ஆட்டோவில். இலங்கையை நான் பார்த்தது பள்ளிக்கூடப் புத்தகத்து வரைபடத்தில். அதன் மேலும் எனக்கு முன்னால் படித்த யாரோ மையைக் கொட்டியிருந்தார்கள். ஆனாலும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் இலங்கை அகதி. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் முகாமில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடு ஒன்றில் அப்பா, அம்மா, அக்கா, நான். வெளியே கம்பத்துப் பேச்சு, வீட்டுக்குள் அம்மாவின் வவுனியாப் பேச்சு. கோபம் வந்தால் எனக்கு இரண்டும் கலந்து வரும். கோபம் அடிக்கடி வரும்.

முகாமில் பிறக்காதவர்களுக்கு செக்கிங் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். வருவாய் ஆய்வாளர், எங்கள் வாயில் ஆர்.ஐ., குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் வருவார். வேப்பமரத்தடியில் மேசை போடுவோம். குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்போம். அவர் பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேன் சார்" என்று சொல்லி முகத்தைக் காட்ட வேண்டும். தலையில் சோப்பு நுரை இருந்தாலும் முகம் வந்தாக வேண்டும். ஆள் இல்லையென்றால் பெயருக்கு நேரே ஒரு வட்டம் விழும். வட்டம் விழுந்தால் அரிசியிலிருந்து உதவித்தொகை வரை எல்லாம் சிக்கல். கூடவே எங்கே போனாய், கள்ளத்தோணி ஏறப் போனாயா என்று விசாரணை. கம்பம் பள்ளத்தாக்கில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

இந்த நோய்க்கு முகாம் கண்டுபிடித்த மருந்துக்கு 'ஆள் நிற்பது' என்று பெயர். பெயின்ட் வேலைக்குக் கட்டப்பனைப் பக்கம் போய்த் திரும்ப முடியாதவனுக்கு அவன் சித்தப்பா மகன் நிற்பான். எங்கள் அகதி அட்டையில் ஒட்டியிருக்கும் போட்டோ எல்லாம் ஆதிகாலத்தவை. என் போட்டோவில் எண்ணெய் வழியும் முகத்தோடு ஒரு பிள்ளை முறைத்துக்கொண்டிருக்கும். அது முகாமில் உள்ள எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம், ஒன்றிரண்டு பையன்களாகவும் இருக்கலாம். ஆகவே மூக்கு கொஞ்சம் ஒத்துப்போனால் போதும். ஆர்.ஐ. நிமிர்ந்து பார்ப்பது அபூர்வம்.

எங்கள் ஆர்.ஐ. நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெங்குவார்பட்டிக்காரர், மாடு மேய்த்துப் படித்து வேலைக்கு வந்தவர். பெயர் கூப்பிடும் முன்னால் ஒரு பிரசங்கம் வைக்காமல் அவரால் பேனாவைத் திறக்க முடியாது.

"கல்விங்கிறது யாரும் உங்களுக்குப் போடுற பிச்சை இல்ல. உரிமை. எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தாலும் உரிமை. புரியுதா?" என்பார். அதே மூச்சில், "அனுமதி இல்லாம ஒருத்தரும் முகாமத் தாண்டப்படாது," என்று முடிப்பார். பள்ளிக்கூடம் முகாமைத் தாண்டித்தானே இருக்கிறது என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். அம்மா பின்னாலிருந்து கிள்ளுவாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் முகாமிலேயே நான்தான் முதல் மார்க். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்க்கைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் சான்றிதழ்களோடு நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அது வியாழக்கிழமை. செக்கிங் ஞாயிற்றுக்கிழமை. இரண்டுக்கும் சண்டை வரக் காரணமே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரோ மந்திரி வருகிறார் என்று செக்கிங்கை வியாழக்கிழமைக்கு மாற்றியதாக முதல் நாள் சாயங்காலம் தகவல் வந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வேலை நாளில் விலக்கு உண்டு. நான் பள்ளியை முடித்துவிட்டேன், கல்லூரியில் இன்னும் சேரவில்லை. அந்த இடைப்பட்ட காலத்தில் நான் எதுவுமே இல்லை. அனுமதி வாங்கலாம் என்றால் ஆர்.ஐ.யின் போன் எடுக்கவில்லை. அவரைப் பிடிக்கக்கூடிய ஒரே இடம் செக்கிங். அதாவது, நான் இல்லாமல் இருப்பதற்கு அனுமதி வாங்க நான் இருந்தாக வேண்டும். பாயில் உட்கார்ந்து அழுதேன், சுவரை உதைத்தேன்.

"விசர் வேலை பாக்காதை," என்றாள் அம்மா. "கடவுள் ஒரு ஆளுக்கு ரெண்டு உடம்பே குடுத்தவர்? நீ விடிய பஸ்ஸைப் பிடி. கொக்கா உன்ர பேருக்கு நிப்பா."

விசர் என்றால் பைத்தியம், கொக்கா என்றால் உன் அக்கா. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அப்பா பெயின்ட் அடிக்கப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த வருடம், ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பையை ஆணியில் மாட்டிவிட்டு சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. வேறு எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுவாள்.

"நான் இவளா நின்னா எனக்கு யாரு நிப்பா?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. அம்மா யோசித்தாள். பிறகு எழுந்து போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள்.

அம்மை கண்ட வீட்டுக்குள் எங்கள் பக்கத்தில் எந்த அதிகாரியும் காலெடுத்து வைக்க மாட்டார். உள்ளே இரண்டு தலையணையைப் படுக்க வைத்துப் போர்த்தி அதற்கு அக்காவின் பெயரை வைத்தாள் அம்மா. வீரபாண்டி ஆத்தாவிடம், பிள்ளையின் படிப்புக்காகத்தான் தாயே, கண்ணைக் குத்திவிடாதே என்று மாவிளக்கும் நேர்ந்துகொண்டாள்.

விடிகாலையில் நான் பஸ் ஏறினேன். கல்லூரியில் ஒரு பெரிய அறையில் மேசைக்கு ஒரு பேராசிரியராக உட்கார்ந்திருந்தார்கள். என் மேசையில் இருந்தது கம்பத்து அம்மா ஒருவர், முக்காட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு சான்றிதழையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர். என் மதிப்பெண்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முகாம் சான்றிதழைப் பார்த்தார். அப்போது அவருடைய போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"ஏம்மா, இது உன் பேருதான?"

ஏதோ வாட்ஸ்அப் குழுவில் வந்த போட்டோ. எங்கள் வேப்பமரம். ஆர்.ஐ. பொன்னாடை போர்த்துகிறார். போர்த்திக்கொண்டு நிற்பவள் என் அக்கா. 'சாதித்துக் காட்டிய முகாம் மாணவி' என்று என் பெயர், என் மார்க், எல்லாம் கீழே.

"நீ இங்கன உக்காந்திருக்க. அங்கன உனக்குச் சால்வை போர்த்துறாக. ரெண்டுல எது நீ?"

இவர் ஒரு வார்த்தை ஆர்.ஐ.க்குப் போன் போட்டால் கல்லூரியும் போயிற்று, அட்டையும் போயிற்று. பயம் முற்றினால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"மேடம், நான் அங்கன நின்னா இங்கன சீட்டு இல்ல. இங்கன வந்தா அங்கன அரிசி இல்ல. படிப்பு உரிமைன்னு மாசாமாசம் சொல்றாக. அந்த உரிமைய வாங்கிட்டு வர பஸ் ஏற மட்டும் அனுமதி இல்ல. நான் என்ன செய்யட்டும்? அது எங்க அக்கா. எனக்கு ஆள் நிக்கிறா. போன் போடுறதுன்னா போடுங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சத்தம் போடாத. இந்தக் கூத்தெல்லாம் என் காதுல விழல. இங்கன கையெழுத்துப் போடு," என்றார். போட்டேன். பிறகு மெதுவாக, "உங்க அக்கா என்னதான் பேசுனா? போட்டோவுல எல்லாரும் கண்ணத் தொடைக்கிறாக," என்றார்.

"தெரியல மேடம்."

"அவ என்ன படிச்சிருக்கா?"

"ஒன்பதாவது பாதியில நின்னுட்டா."

"அப்பப் பத்தாவது எழுதச் சொல்லு. தனித்தேர்வரா எழுதலாம். சால்வைய வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்கலாமா?"

வீட்டுக்கு வந்தால் முகாமே சிரித்துக் கிடந்தது. நடந்ததை அம்மா சொன்னாள். ஆர்.ஐ. வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலோடு நின்று கும்பிட்டிருக்கிறார். "ஆத்தா வந்திருக்காளா, சரி சரி, பிள்ளைய எழுப்பாதீக," என்று தலையணைக்கு வருகை போட்டுவிட்டார். அதுவரை எல்லாம் சரி. என் பெயரைக் கூப்பிட்டு அக்கா வந்து நின்றபோதுதான் அவர் நிமிர்ந்தார். நிமிராத மனிதர் நிமிர்ந்தார். முதல் மார்க் வாங்கியவளுக்குப் போர்த்தத் தன் கைக்காசில் பொன்னாடை வாங்கி வந்திருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை.

"ரொம்பக் கஷ்டப்பட்டுப் படிச்சியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"படிக்கிறது கஷ்டமே இல்ல சார்," என்றாளாம் அக்கா. "பள்ளிக்கூட பஸ்ஸு போறதப் பாத்துக்கிட்டே திராட்சைக்கு மருந்தடிக்கிறதுதான் கஷ்டம்."

தான் யாராக நிற்கிறோம் என்பதை அவள் மறந்தது அந்த இடத்தில்தான். அவர், "நீ மருந்தடிச்சியா?" என்று கேட்டதும் சுதாரித்து, "லீவுல சார்," என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். ஆர்.ஐ. அழுதிருக்கிறார். முகாமே அழுதிருக்கிறது, பாதிப்பேர் நிஜமாகவே. ஜீப் டிரைவர்தான் அழாமல் போட்டோ எடுத்தவர்.

இடம் கிடைத்தது, வட்டம் விழவில்லை, கதை முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை செக்கிங்கில் நான் என் பெயருக்கு வாயைத் திறப்பதற்குள் ஆர்.ஐ. நேராக அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "வாம்மா, காலேஜு எப்பிடி இருக்கு?"

அம்மா என்னைப் பின்னால் இழுத்தாள். அக்கா என் பெயருக்கு முன்னே போனாள். அக்காவின் பெயரைக் கூப்பிட்டதும் நான் போனேன். ஆர்.ஐ. என் முகத்தை உற்றுப் பார்த்து, "அம்மைத் தழும்பு ஒண்ணுகூட இல்லையே. ஆத்தா கருணை," என்றார்.

அன்றிலிருந்து வேப்பமரத்தடியில் மட்டும் அவள் நான், நான் அவள். உலகத்தில் யாருக்கும் வராத அவமானம் எனக்கு வந்தது. முதல் மார்க் வாங்கியவள் நான். கல்லூரிக்கு பஸ்ஸில் தொங்கிப் போகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமையானால் படிப்பை நிறுத்தியவள் என்று திட்டு வாங்குவதும் நான்.

"தங்கச்சியப் பாரு. நீயும் இப்பிடிப் படிச்சிருக்கலாம்ல? வயசு என்ன ஆயிருச்சு? சோம்பேறித்தனம்," என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அக்கா பக்கத்தில் அடக்க ஒடுக்கமாக நின்று, "நானும் சொல்லிப் பாத்துட்டேன் சார், கேக்க மாட்டேங்குறா," என்பாள். வீட்டுக்குள் வந்ததும் அடிதடி நடக்கும்.

அவருக்கோ அக்காவின் படிப்பில் அக்கறை கூடிக்கொண்டே போனது. என்ன பாடம், யார் வாத்தியார் என்று கேட்பார். ஆகவே ஒவ்வொரு செக்கிங்குக்கும் முன்னால் நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். ஒருநாள் அவர், "டெபிட்டுன்னா என்னம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"உள்ள வர்றது பற்று, வெளிய போறது வரவு சார்," என்றாள் அக்கா.

"தலைகீழால்ல இருக்கு?"

"நானும் அதத்தான் சார் கேட்டேன். அப்பிடித்தானாம்."

அந்த 'நானும் அதைத்தான் கேட்டேன்' பொய்யில்லை. முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நானாக நடிப்பதற்குப் படிக்க ஆரம்பித்தவள், செக்கிங் முடிந்த பிறகும் புத்தகத்தை மூடுவதில்லை. தோட்டத்திலிருந்து வந்து, கையில் மருந்து நாற்றம் போகக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கல்லூரியில் அந்தக் கம்பத்து மேடம் வேறு வராந்தாவில் என்னைக் கண்டால் என் படிப்பைக் கேட்பதில்லை. "அக்கா பத்தாவது பரீட்சைக்குப் பணம் கட்டிட்டாளா?" என்றுதான் கேட்பார்.

"இருபத்துமூணு வயசுல பத்தாவதா? முகாமே சிரிக்கும்டி," என்றாள் அக்கா.

"முகாம் ஏற்கனவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு," என்றேன்.

கட்டினாள். முகாமில் பி.இ. முடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்து என்ன கிழித்தோம் என்று அவர்களே கேட்பார்கள். அந்த அண்ணன்மார்தான் வேலை முடிந்து கையில் பெயின்டோடு வந்து அவளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார்கள். ஹால் டிக்கெட் வந்த அன்று அக்கா அதை எல்லோருக்கும் காட்டினாள். அவளுடைய சொந்தப் பெயர், அதற்கு மேல் அவளுடைய சொந்த முகம். இரண்டும் ஒரே காகிதத்தில் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, வெளிக்காட்டவில்லை.

கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் தகவல் வந்தது. மந்திரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார், செக்கிங் நாளைக்கு. மந்திரிமாருக்கும் எங்கள் வீட்டுப் படிப்புக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் இருந்திருக்க வேண்டும்.

ஹால் டிக்கெட்டைக் காட்டினால் ஆர்.ஐ. கண்டிப்பாக விடுவார். ஆனால் காட்ட முடியாது. அதில் அக்காவின் பெயருக்கு மேல் இருப்பது, அவர் என்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கும் முகம். காட்டினால் ஒரு வருடத்துக் குட்டு உடையும். காட்டாவிட்டால் வட்டம் விழும். பரீட்சைக்குப் போகாவிட்டால் அக்கா அப்புறம் ஜென்மத்துக்கும் எழுத மாட்டாள், அவளை எனக்குத் தெரியும். இருதலைக்கொள்ளி எறும்பு என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் விளங்கியது.

"நான் போகல," என்றாள் அக்கா. ஹால் டிக்கெட்டை மடித்து டப்பாவில் வைக்கப் போனாள்.

"போ. நான் நிக்கிறேன். நாளைக்கு நான் லீவு," என்றேன். என் பெயரைக் கூப்பிட்டால், தங்கச்சி காலேஜுக்குப் போயிருக்கிறாள் என்று அம்மா சொல்ல வேண்டியது. அக்கா பெயருக்கு வழக்கம்போல் நான். யோசிக்க ஒன்றுமில்லை.

காலையில் அக்கா அந்தப் பொன்னாடையைப் பையில் வைத்துக்கொண்டு உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறினாள். எதற்கென்று கேட்டதற்குக் குளிரும் என்றாள். சித்திரை வெயில்.

பத்து மணி தாண்டித்தான் ஜீப் வந்தது. பிரசங்கம் நடந்தது. வரிசை நகர்ந்தது. என் பெயருக்கு அம்மா, "அவ காலேஜுக்குப் போயிட்டா ஐயா," என்றாள். ஆர்.ஐ. மகிழ்ச்சியாகத் தலையாட்டிவிட்டு, அந்த இடத்தைப் பிறகு குறித்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டார். அடுத்து அக்காவின் பெயர்.

"இருக்கேன் சார்," என்று முன்னே போனேன்.

அன்றைக்கு அவருக்கு வெயிலா, மந்திரியா தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உன் தங்கச்சி எங்க இருக்கா, நீ எங்க நிக்கிற? கல்வி உன் உரிமை உரிமைன்னு தொண்டை வறளக் கத்துறேன். நீ என்னைக்குத்தாம்மா படிக்கப் போற?"

ஒரு வருடம் பொறுத்தேன். இந்நேரம் அங்கே மணி அடித்துக் கேள்வித்தாளைக் கொடுத்திருப்பார்கள். முதல் கணக்கை விட்டுவிட்டு இரண்டாவதைப் போடு என்று சொல்லி அனுப்பியிருந்தேன், ஞாபகம் வைத்திருப்பாளோ என்று யோசித்துக்கொண்டிருந்தவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பத்தாவது பரீட்சை எழுதப் போயிருக்கேன் சார்."

அம்மா, "ஐயோ கடவுளே," என்று மூச்சுக்குள் சொன்னாள்.

"யாரு?" என்றார் ஆர்.ஐ.

இனி மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது. "நான்தான் சார்."

"எங்க?"

"உத்தமபாளையத்துல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் மூக்கைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், எங்கள் வாசல் நிலையைப் பார்த்தார். அங்கே போன வருடத்து வேப்பங்குச்சி காய்ந்து இன்னும் செருகியிருந்தது. அவருடைய உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"என்ன பரீட்சை?"

"கணக்கு சார்."

"கணக்கா. கஷ்டமாச்சே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"தங்கச்சி சார்."

ஆர்.ஐ. பேனாவை எடுத்தார். வட்டத்துக்காகக் காத்திருந்தேன். அக்காவின் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். "நல்லா எழுதிட்டு வா," என்று என்னிடம் சொன்னார். பிறகு விரலை மேலே நகர்த்தி, காலியாக விட்ட இடத்தில் வைத்து, என் பெயரைக் கூப்பிட்டார்.

அந்த மரத்தடியில் அந்தப் பெயருக்கு நான் பதில் சொல்லி ஒரு வருடமாகியிருந்தது.

"இருக்கேன் சார்," என்றேன்.

"கேக்கல. சத்தமாச் சொல்லும்மா."

சத்தமாகச் சொன்னேன்.